வெட்டிய இரண்டு சுற்று

மீனாட்சிபுரத்து நௌசாத் சொன்ன விலை நாற்பத்தெட்டாயிரம்.
மஞ்சள் பேலியோ, ஒன்று புள்ளி ஆறு, கே.எல். நம்பர்.
இரண்டாயிரத்து மூன்றில் நூறு குதிரை;
இப்போது எத்தனை உயிரோடு என்பது
அவனுக்கும் தெரியாது, ஆர்.சி. புத்தகத்துக்கும் தெரியாது.

கோபாலபுரம் நார் மில்லில் நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன்.
மணிக்குப் பத்து கிலோமீட்டர். தாண்டினால் மேஸ்திரி விசில்.
அதனால்தான் என்று சொல்லலாம்.
அதனால் ஒன்றுமில்லை. பிடித்திருந்தது, வாங்கினேன்.

பால் சொசைட்டி நோட்டின் கடைசிப் பக்கத்தில்
கவிதாமணி செலவு எழுதினாள்.
உக்கடத்தில், அடிபட்டு வந்த ஏதோ வண்டியின்
பக்கெட் சீட்டு, ஆயிரத்து நானூறு.
'ஒண்ணுதானுங்களா?'
'ஓட்டறவனுக்கு ஒண்ணு போதும்.'
கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தாள்.
அடுத்த வரியில் அவளே எழுதிக்கொண்டாள்:
இன்னொண்ணு.

அதற்கு ஜோடி கிடைக்கவில்லை.
என்னுடையது கறுப்பு, அவளுடையது சிவப்பு,
சிவப்பில் யாரோ சுட்ட சிகரெட்டின் ஓட்டை.

மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் கட்டி
ஞாயிறு ஞாயிறாகப் படுத்துக் கிடந்தேன்.
பழைய டூத்பிரஷ்ஷால் த்ராட்டில் பாடியின் கரியைத் தேய்த்தேன்.
கொட்டாங்குச்சி இரண்டை எம்-சீல் வைத்து ஒட்டி,
உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, கியர் குமிழ்.
சித்திரையில் அது வெடித்தது. மறுபடி ஒட்டினேன்.
சத்தம் குறைய, தளத்தில் தென்னை நார் விரிப்பு,
மில்லில் கழித்துப்போட்டது, இலவசம்.
முதல் மழைக்கே அது தண்ணீர் குடித்துக்கொண்டது;
ஒரு மாதம் எங்கள் கார்
ஊறல் குழி மாதிரி நாறியது.

அப்புறம் ஸ்பிரிங்.

நல்ல செட்டு பதினெட்டாயிரம்.
கிரைண்டர் மில்லில் சும்மா கிடந்தது.
ஒவ்வொன்றிலும் இரண்டு சுற்று வெட்டினால்
வண்டி லேசாகக் குனியும் என்று நினைத்தேன்.
குனியவில்லை, மண்டி போட்டது.
எனக்கு அது அழகாகத்தான் இருந்தது.
சாயங்கால வெயிலில், டயருக்கும் தகரத்துக்கும் நடுவே
ஒரு விரல் நுழையாத இடைவெளி.
நாலு பக்கமும் சுற்றி வந்து பார்த்தேன்.

அன்று ராத்திரியே எல்லை தாண்டினோம்.
செக்போஸ்ட் வேகத்தடையில் அடிவயிறு உரசி
நடுவில் நின்றுவிட்டது,
முன்சக்கரம் கேரளத்தில், பின்சக்கரம் தமிழ்நாட்டில்.
பின்னால் இளநீர் லாரிகள் ஹாரன்.
டார்ச்சோடு வந்தவர் குனிந்தார், இன்னும் குனிந்தார்,
கடைசியில் ரோட்டிலேயே உட்கார்ந்தார்.
'இதெந்தா, தவளயாணோ?'
நான் இறங்கித் தள்ளினேன்.
கவிதாமணி ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.
அவரும் ஒரு கை கொடுத்தார், அப்புறம்
ரசீது கிழித்தார்: ஐயாயிரம்.
நோட்டில் அதற்கு இடமில்லை.
அட்டையில் எழுதினாள்.

உக்கடத்தில் பழைய ஸ்பிரிங், கம்பெனி உயரம், இரண்டாயிரத்து இருநூறு.
கடைக்காரர் எதற்கென்று கேட்கவில்லை.
அவர் மூலையில் வெட்டுப்பட்ட ஸ்பிரிங்குகள்
குவியலாகவே கிடந்தன.

வெட்டிய வளையங்களில் ஒன்று இப்போது
சொசைட்டியில், ஃபேனுக்கடியில்
பால் சீட்டுகள் பறக்காமல் உட்கார்ந்திருக்கிறது.
எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு லிட்டர் என்று பார்க்க வருகிறவர்கள்
இது என்னம்மா என்கிறார்கள்.
'எங்க வண்டியோடதுங்க' என்கிறாளாம்.
மேலே ஒன்றும் சொல்வதில்லையாம்.

மில் ஷிஃப்ட் முடிந்து பத்து மணிக்குமேல்
ரோடு காலியாக இருக்கும்.
மூன்றாம் கியரில் நாலாயிரத்தைத் தாண்டும்போது
சைலன்சர் தொண்டையைக் கனைக்கும்,
கொட்டாங்குச்சி என் உள்ளங்கையில் அதிரும்,
தென்னைகள் ஒன்றின்மேல் ஒன்று சாயும்.
சிவப்பு சீட்டில் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு
இரண்டு காலையும் அழுத்தி ஊன்றுகிறாள்,
அவள் பக்கமும் பிரேக் இருப்பதுபோல.

செக்போஸ்ட் விளக்கு தெரிந்ததும் வண்டியைத் திருப்பினேன்.
'இன்னொருக்கா' என்றாள்.